கோடைக்கு ஒரு குவளைப் பழப்பானம்

சித்திரை, வைகாசி மாதங்களில் வானிலைச் செய்தியைக் கேட்பவர்களுக்குத் திருத்தணி என்ற பெயர் நன்கு பழக்கமாகியிருக்கும். தமிழ்நாட்டில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் அது அடிக்கடி இடம்பெறும். அதற்குப் பக்கத்து ஊரான அரக்கோணத்தின் நிலையும் அதுதான். கடலிலிருந்து தள்ளியிருப்பதால், சென்னைவாசிகளுக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்று இங்கே நேரங்கழித்து வருகிறது. சில நாள்களில் வருவதே இல்லை. ரயில் மாறுவதற்காக அரக்கோணம் சந்திப்பில் காத்து நிற்பவர்களும், திருத்தணி மலைப்படிகளில் வெறுங்காலுடன் ஏறுகிறவர்களும் முதலில் தேடுவது நிழலை. அடுத்துத் தேடுவது குடிப்பதற்கு ஏதாவது ஒன்றை.

அந்த "ஏதாவது ஒன்றை" நாமே வீட்டில் செய்து பார்ப்போம். தர்பூசணி, மாம்பழம், எலுமிச்சை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மூன்றும் கோடையில் அரக்கோணம் கடைத்தெருவிலேயே கிடைப்பவை. மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற சித்தூர் மாவட்டம் எல்லைக்கு அப்பால் அருகிலேயே இருக்கிறது. எலுமிச்சைக்குப் புகழ்பெற்ற கூடூர் சந்தையும் ரேணிகுண்டா வழியே செல்லும் ரயில் பாதையில் எட்டிவிடும் தூரத்தில்தான் உள்ளது. ஆனால் பானத்தைக் குடித்து முடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பொருளையும் ஏன் சேர்க்கிறோம், ஏன் அந்த அளவில் சேர்க்கிறோம் என்றும் கேட்டுக்கொண்டே செல்வோம்.

உடல் என்னும் மண்பானை

மண்பானையில் ஊற்றி வைத்த நீர் குளிர்வது ஏன்? பானையின் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பானையும் அதிலுள்ள நீரும் கொடுக்கின்றன, கொடுத்ததனால் குளிர்கின்றன. ஐந்து லிட்டர் நீரை 34 டிகிரியிலிருந்து 26 டிகிரிக்குக் குளிர்விக்க 40,000 கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். 40,000த்தை 580ஆல் வகுத்தால் சுமார் 69 கிராம் வருகிறது. அதாவது அரைக் குவளைக்கும் குறைவான நீர் ஆவியானால் கணக்குப்படி போதும். சுற்றியுள்ள சூடான காற்றிலிருந்து பானைக்குள் வெப்பம் புகுந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இன்னும் சற்று அதிகமாக ஆவியாக வேண்டியிருக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னையைவிட வறண்ட காற்றுள்ள அரக்கோணத்தில் பானை நீர் நன்றாகக் குளிரும். வெயிலைக் குறை சொல்பவர்கள் இந்த ஒரு வசதியை மறந்துவிடக்கூடாது!

நம் உடலும் இதே முறையில்தான் குளிர்கிறது. வியர்வை வெளிப்பட்டு, ஆவியாகி, தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெளிக்காற்றின் வெப்பநிலை உடலின் 37 டிகிரியைத் தாண்டிவிட்டால், வெப்பத்தை வெளியேற்ற நமக்கு எஞ்சியிருப்பது இந்த ஒரு வழிதான். ஆனால் பானையில் குறைந்த நீரைக் குடத்திலிருந்து ஊற்றி நிரப்புவது போல, உடலில் குறைந்த நீரையும் நிரப்பியாக வேண்டும். உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே களைப்பு தோன்றும்; கவனம் சிதறும். 40 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 800 மில்லிலிட்டர்தான். வெயிலில் ஒரு மணி நேரம் கபடி ஆடினால் இந்த இழப்பை எட்டிவிடலாம்.

வியர்வை வெறும் நீரன்று. நாக்கில் பட்டால் கரிக்கிறது அல்லவா? ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 1 கிராம் சோடியம் இருக்கும். இதைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரை கிராம். ஆகவே நம் பானத்தில் நீரும் வேண்டும், சிறிதளவு உப்பும் வேண்டும்.

தர்பூசணியும் ஒரு வதந்தியும்

தர்பூசணியின் சதையில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் நீர். சர்க்கரை 6 பங்கு. 100 கிராம் சதையில் சுமார் 112 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அதன் சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன் என்ற நிறமி. தக்காளியைச் சிவக்க வைப்பதும் அதுவே.

2025ஆம் ஆண்டுக் கோடையில் தமிழ்நாட்டில் இந்தப் பழத்துக்கு ஒரு சோதனை வந்தது. பழத்தின் சிவப்பைக் கூட்டுவதற்காக ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு செய்திகளிலும் கைபேசிகளிலும் வேகமாகப் பரவியது. மக்கள் வாங்கத் தயங்கினார்கள். விலை சரிந்தது. வயலில் விளைந்து கிடந்த காய்களை என்ன செய்வதென்று தெரியாமல் உழவர்கள் கொதித்துப் போனார்கள். தர்பூசணியை அச்சமின்றி உண்ணலாம் என்ற விளக்கங்கள் பிறகு வந்தன. ஆனால் தர்பூசணிக்குச் சந்தை இருப்பது சில வாரங்கள்தான். அதற்குள் இழந்ததை விளக்கத்தால் திருப்பித் தர இயலாது.

ஒரு பேச்சை நம்புவதற்கு முன் அது நடக்கக்கூடியதா என்று முதலில் யோசிக்க வேண்டும். தர்பூசணியின் சதை குழாயைப் போன்ற வெற்றிடம் அன்று; அது எண்ணற்ற செல்களாலானது. ஊசியால் செலுத்திய திரவம் ஓரிடத்தில் திட்டாகத் தேங்குமே தவிர, பத்துக் கிலோ பழம் முழுவதும் ஒரே சீராகப் பரவாது. மேலும், ஊசி குத்திய துளை வழியே நுண்ணுயிர்கள் நுழைந்து பழத்தை விரைவில் அழுகச் செய்யும். நட்டத்தை வரவழைக்கும் இந்த வேலையை எந்த வியாபாரி விரும்பிச் செய்வார்? நறுக்கி வைத்த துண்டுகளின் மேல் சாயம் தடவுவது நடக்கக்கூடியதே. அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். எனவே முழுப் பழமாக வாங்கி வீட்டில் அறுப்பது நல்லது.

அடுத்து, சோதித்துப் பார்க்க வேண்டும். லைக்கோபீன் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பழத்தில் அது சதைத் துகள்களோடு ஒட்டியிருக்கிறது. ஏமாற்றுவதற்குப் பயன்படும் சிவப்புச் சாயங்களோ நீரில் நன்றாகக் கரைபவை. இந்த ஒரு வேறுபாடு நமக்குப் போதும்.

தர்பூசணிச் சதையைப் பிழிந்து, துணியில் வடிகட்டி, உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றில் ஊற்றுங்கள். இன்னொரு குவளையில் அதே சாற்றை ஊற்றி, கடையில் விற்கும் கேசரிப் பவுடரையோ சிவப்பு உணவுச் சாயத்தையோ ஒரு சிட்டிகை கலந்துகொள்ளுங்கள். இதுவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குவளை. இரண்டையும் குளிர்பெட்டியில் நான்கைந்து மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைத்திருங்கள். முதல் குவளையில் சிவப்புத் துகள்கள் திரண்டு பிரிந்துவிடும். அவை நீங்கிய பகுதி வெளிறிய மஞ்சளாகவோ மிக இலேசான இளஞ்சிவப்பாகவோ தெரியும். இரண்டாவது குவளையில் துகள்கள் பிரிந்த பின்னரும் நீர்ப்பகுதி சாயத்தின் நிறத்திலேயே நிற்கும். குளிர்பெட்டி இல்லையென்றால் பள்ளி ஆய்வுக்கூடத்தின் வடிதாளில் இரண்டையும் வடித்துப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியும். சற்றுப் பொறுமை மட்டும் வேண்டும்.

பஞ்சால் துடைத்துப் பார்க்கும் முறையையும் பலர் சொல்கிறார்கள். பஞ்சில் சிறிது இளஞ்சிவப்புத் துகள் ஒட்டியதுமே "சாயம்! சாயம்!" என்று கூவிவிடக் கூடாது. அது பழத்தின் சொந்த நிறமாகவும் இருக்கலாம். அந்தப் பஞ்சைத் தெளிந்த நீரில் இடுங்கள். நிறம் கரைந்து நீர் முழுவதும் பரவினால்தான் ஐயப்பட இடமுண்டு.

மாம்பழம் வாங்கும்போது

மாம்பழத்தின் கதை வேறு. இங்கே கலப்படம் கற்பனையன்று. காய்களை விரைவில் பழுக்க வைக்கக் கால்சியம் கார்பைடு கற்களைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை செய்யப்பட்ட குற்றம். இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்த செய்தி வருகிறது. இந்தக் கல் ஈரத்துடன் சேர்ந்து அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். காய் தானாகப் பழுக்கும்போது அதிலிருந்து வெளிவரும் எத்திலீனைப் போலவே அசிட்டிலீனும் காயைப் பழுக்கத் தூண்டுகிறது. சந்தையில் கிடைக்கும் மட்டரகக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் மாசாகக் கலந்திருப்பதே பெரிய ஆபத்து. அளவோடு எத்திலீன் வாயுவைப் பயன்படுத்திப் பழுக்க வைப்பதற்கு அனுமதி உண்டு. அது பழத்தின் இயல்பான பொருள்தான்.

நம் பாட்டிமார் காயை வைக்கோலில் புதைத்து வைத்ததும் எத்திலீன் முறையே. காயிலிருந்து வெளிவரும் எத்திலீன் காற்றில் கலந்து போய்விடாமல் வைக்கோல் தேக்கி வைக்கிறது. ஒரு காய் பழுத்தால் அதன் வாயு அடுத்த காயையும் பழுக்க வைக்கிறது. செங்காயாக வாங்கி வீட்டில் இப்படிப் பழுக்க வைப்பதே உத்தமம். வைக்கோல் இல்லாவிட்டால் அரிசிப் பானைக்குள் வைக்கலாம்.

சர்க்கரை ஏன்? உப்பு ஏன்?

இப்போது இக்கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். பானத்தில் சர்க்கரை சேர்ப்பது இனிப்புக்காக, உப்பு சேர்ப்பது வியர்வையில் இழந்ததை ஈடுகட்டுவதற்காக என்று தனித்தனியே காரணம் கூறலாம். ஆனால் இவ்விரண்டும் சேரும்போது மூன்றாவதாக ஒன்று நிகழ்கிறது.

சிறுகுடலின் உட்சுவரிலுள்ள செல்களில், சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகப் பிடித்து உள்ளே இழுக்கும் புரத வாயில்கள் உள்ளன. ஒன்று மட்டும் வந்தால் அந்த வாயில் சரியாக வேலை செய்யாது; இரண்டும் சேர்ந்து வரவேண்டும். அவை உள்ளே நுழைந்ததும் சவ்வூடு பரவலால் நீரும் பின்தொடர்ந்து செல்கிறது. இப்படி ஒரு கூட்டு வாயில் இருக்க வேண்டும் என்ற கருத்தை ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் 1960இல் பிராக் நகரில் நடந்த மாநாட்டில் வெளியிட்டார். அப்போது அது ஆய்வுக்கூடத்துச் செய்தியாகவே இருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அது உயிர்களைக் காத்தது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். எல்லையோர நகரமான பன்காவ் முகாமில் காலரா பரவியது. காலரா நோயாளி கழிச்சலாலேயே உடல் நீரை இழந்து சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். நரம்பு வழியே ஏற்ற வேண்டிய உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலநாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு ஆகியவற்றை ஒரு லிட்டர் குடிநீரில் கரைத்து, நோயாளியின் தாயோ உறவினரோ குவளை குவளையாகக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு, 2023இல், பத்மவிபூஷண் விருது அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது.

மருந்துக் கடையில் கிடைக்கும் உயிர்காக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் அந்தக் கரைசலின் வழிவந்ததே. இன்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள அளவு, ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம்.

அப்படியானால் வயிற்றுப்போக்குக்கும் நம் பழப்பானத்தையே கொடுக்கலாமா? கூடாது! காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாம் செய்யப்போகும் ஒரு லிட்டர் பானத்தில் 500 கிராம் தர்பூசணி, 150 கிராம் மாம்பழச் சதை, 20 கிராம் சர்க்கரை இருக்கும். தர்பூசணியிலிருந்து 30 கிராம், மாம்பழத்திலிருந்து சுமார் 21 கிராம், சேர்த்தது 20 கிராம். ஆக 71 கிராம் சர்க்கரை. பொட்டலக் கரைசலைப் போல ஐந்து மடங்கு! உப்போ 1 கிராம்தான், பாதிகூட இல்லை. சர்க்கரை இவ்வளவு அடர்த்தியாகக் குடலுக்குள் சென்றால், சவ்வூடு பரவல் எதிர்த்திசையில் நடந்து, உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்படும். வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகும். புட்டியில் விற்கும் குளிர்பானங்களில் ஒரு லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது வழக்கம். அவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நலமாக உள்ளவரின் வெயில் களைப்புக்குப் பழப்பானம். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. வெயிலில் ஒருவர் நினைவு தடுமாறியோ மயங்கியோ விழுந்தால் அவர் வாயில் எந்தப் பானத்தையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே, 108 எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

எவ்வளவு பனிக்கட்டி?

பானத்தைக் குளிர்விக்கப் பனிக்கட்டியையே ஏன் போடுகிறோம்? பனிக்கட்டியைப் போலவே குளிர்ந்த நீரை ஊற்றினால் ஆகாதா? ஒரு கிராம் பனிக்கட்டி உருகி, அதே 0 டிகிரியில் நீராவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. இதுவே உருகுதலின் உள்ளுறை வெப்பம்.

நம் கலவை 800 கிராம் என்றும், அதன் வெப்பநிலை 32 டிகிரி என்றும் கொள்வோம். இதை 10 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பழச்சாற்றின் தன்வெப்பம் நீருடையதற்கு அருகிலேயே இருப்பதால், அகற்ற வேண்டிய வெப்பம் 800 x 22 = 17,600 கலோரி. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி, உருகிய நீர் 10 டிகிரிக்கு வருவதற்கு 10 கலோரி. ஆக 90 கலோரியை எடுத்துக்கொள்ளும். 17,600ஐ 90ஆல் வகுத்தால் சுமார் 196. அதாவது 200 கிராம் பனிக்கட்டி போதும். 0 டிகிரி நீரைப் பயன்படுத்தினால் ஒரு கிராமுக்கு 10 கலோரிதான் ஏற்கும். 1,760 கிராம் ஊற்ற வேண்டியிருக்கும். பழப்பானம் போய்ப் பழம் கழுவிய நீராகிவிடும்!

பனிக்கட்டியும் உருகி 200 கிராம் நீராகத்தான் போகிறது என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் முதலிலேயே நீரைக் குறைத்துச் சேர்க்கிறோம். அருமையான பழத்தை வாங்கிவிட்டு, பானம் சப்பென்று இருக்கிறதே என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் இந்த 200 கிராமைக் கணக்கில் சேர்க்காதவர்களே.

இந்த 80 கலோரியை நம்பியே ஒரு காலத்தில் கடல்கடந்த வாணிகம் நடந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரடெரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டிகளை அறுத்து, மரத்தூள் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் பெரும்பகுதி உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842இல் கட்டப்பட்ட கட்டடமே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இக்காலத்துப் பனிக்கட்டியில் வேறொரு கவலை இருக்கிறது. மீனைப் பாதுகாக்கவும் சரக்குகளைக் குளிர்விக்கவும் செய்யப்படும் பெரிய கட்டிகள் குடிநீரில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உறையவைப்பதால் நோய்க்கிருமிகள் எல்லாம் இறந்துவிடுவதும் இல்லை. பல கிருமிகள் உறங்கிக் கிடந்து, பனி உருகியதும் விழித்துக்கொள்ளும். சாலையோரப் பழச்சாற்றில் பழம் நல்லதாக இருந்தும் வயிறு கெடுகிறதென்றால், முதலில் ஐயப்பட வேண்டியது பனிக்கட்டியையே. கொதித்து ஆறிய நீரை வீட்டுக் குளிர்பெட்டியில் உறையவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லையென்றால் பனிக்கட்டியே வேண்டாம். பானை நீரில் செய்த பானமும் தாகத்தைத் தணிக்கத்தான் செய்யும்.

செய்முறை

இது ஐந்து குவளைக்கான அளவு. தர்பூசணிச் சதை 500 கிராம், நன்கு பழுத்த மாம்பழத்தின் சதை 150 கிராம், எலுமிச்சைச் சாறு 30 மில்லிலிட்டர் (இரண்டு பழம்), சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் 20 கிராம், உப்பு 1 கிராம் (தேக்கரண்டியில் ஆறில் ஒரு பங்கு), பானை நீர் 100 மில்லிலிட்டர், சிறு துண்டு இஞ்சி, நாலைந்து புதினா இலை, சப்ஜா விதை ஒரு தேக்கரண்டி, பனிக்கட்டி 200 கிராம்.

முதலில் சப்ஜா விதையை ஒரு குவளை நீரில் ஊற வையுங்கள். திருநீற்றுப் பச்சிலையின் விதைதான் இது. கால் மணி நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போன்ற கூழ் உறை தோன்றும். விதையின் மேல்தோலிலுள்ள நீண்ட சங்கிலிச் சர்க்கரை மூலக்கூறுகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். வறண்ட நிலத்தில் விழுந்த விதைக்கு அந்த உறை சொந்தத் தண்ணீர்க் குடம் போன்றது. சப்ஜா உடம்பைக் குளிர்விக்கும் என்பார்கள்; வெப்பமானியில் அப்படி எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஊறவைக்காமல் மட்டும் விழுங்காதீர்கள். தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும்.

மாம்பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சர்க்கரையைத் தூவி வையுங்கள். சற்று நேரத்தில் கிண்ணத்தின் அடியில் சாறு ஊறியிருக்கும். துண்டுகளின் மேலுள்ள அடர்ந்த சர்க்கரைக் கரைசல் செல்களின் நீரை வெளியே இழுத்துவிட்டது. சவ்வூடு பரவலைக் கண்ணால் காண இதைவிட இனிய வழி இல்லை. இந்தச் சர்க்கரையைப் பனிக்கட்டி போட்ட பிறகு சேர்த்தால் என்ன? குளிர்ந்த நீரிலும் சர்க்கரை ஏராளமாகக் கரையக்கூடியதே. ஆனால் கரையும் வேகம் குறைந்துவிடும். அடியில் மணலாகத் தங்கும். மேலும் குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். "இன்னும் கொஞ்சம்" என்று அள்ளிப் போடத் தோன்றும்.

தர்பூசணியின் விதைகளை நீக்கி, மாம்பழம், இஞ்சி, உப்பு, நீர் ஆகியவற்றோடு மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லையென்றால் மத்தால் கடையலாம். வடிகட்ட வேண்டாம், நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது. எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். தோலும் விதையும் நசுங்கும்படி பிழிந்தால் கசப்பு ஏறும். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த சாத்துக்குடிச் சாறு, பிழிந்த உடனே இனித்துச் சிறிது நேரத்தில் கசப்பதைக் கவனித்திருப்பீர்கள். பழத்தில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், சாற்றிலுள்ள அமிலத்தால் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மெல்ல மாறுவதே காரணம். இறுதியில் சப்ஜா, புதினா, பனிக்கட்டி. பனிக்கட்டி மேலே மிதப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். கீழே உள்ளது மேலே வரும். ஒரு கலக்கு கலக்கினால் இன்னும் விரைவில் குளிரும்.

மேலே தூவ வாழைப்பழத் துண்டு வேண்டுமா? மூன்று துண்டுகளை வெட்டி, ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். மற்றொன்றைச் சர்க்கரை நீரில் மூழ்க வையுங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள். முதல் துண்டு பழுப்பேறத் தொடங்கியிருக்கும். வெட்டியதால் உடைந்த செல்களிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு பழத்தின் பினால் பொருள்களைப் பழுப்பு நிறமியாக்குகிறது. எலுமிச்சையின் அமிலம் நொதியை முடக்குகிறது. அதன் வைட்டமின் சியும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது. சர்க்கரை நீர் காற்றை அண்டவிடாமல் செய்கிறது.

பால் சேர்த்துச் செய்ய விரும்புபவர்கள் எலுமிச்சையை விட்டுவிட வேண்டும் என்பது வெளிப்படை. அன்னாசியையும் விட்டுவிடுங்கள். அதன் அமிலம் பாலைத் திரிக்கும். அதிலுள்ள புரோமெலின் என்ற நொதி பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகளில் சில கசக்கும்.

மிச்சம் இருந்தால்

பழனிப் பஞ்சாமிர்தத்தை அறியாதவர் இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதமும் பழக்கலவையே: மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் வைத்து உண்கிறோம், கெடுவதில்லை. நம் பழப்பானமோ பிற்பகலில் செய்தால் மாலைக்குள் புளித்து நுரைக்கத் தொடங்கிவிடும். இரண்டுமே இனிப்புதானே, ஏன் இந்த வேறுபாடு?

பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டு நீர்கூடச் சேர்ப்பதில்லை. பழத்திலுள்ள நீரையும் சர்க்கரை பற்றிக்கொள்கிறது. அங்கே வந்து விழும் நுண்ணுயிரின் உடலிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்படுகிறது. மாம்பழத் துண்டுக்கு நேர்ந்த கதிதான். நம் பானத்தில் சர்க்கரை நூற்றுக்கு ஏழு பங்கு மட்டுமே. அது நுண்ணுயிருக்குத் தடையன்று, விருந்து! அரக்கோணத்துக் கோடை வெப்பமோ அவை பெருகுவதற்கு மிகவும் ஏற்றது. ஆகவே பனிக்கட்டி உருகித் தீர்ந்த பானத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தாலும் அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

கணக்கு ஒன்று: குளிர்பெட்டியின் உறைபகுதியிலிருந்து எடுத்த பனிக்கட்டியின் வெப்பநிலை 0 டிகிரி அன்று, மைனஸ் 10 டிகிரி எனக் கொள்ளுங்கள். பனிக்கட்டியின் தன்வெப்பம் 0.5. நம் 800 கிராம் கலவையை 32 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர இப்போது எத்தனை கிராம் தேவை? (விடை: சுமார் 185 கிராம்.)